அதிர்வெண்ணை முடிவு செய்வது யார்? கட்டற்ற அதிர்வையும் திணிப்பு அதிர்வையும் செய்து பார்த்துப் பிரித்தறிய

கட்டற்ற அதிர்வுக்கும் திணிப்பு அதிர்வுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் தேர்வுத்தாளில் பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும்: முதலாவது கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிடும், இரண்டாவது அடங்காது. இது பாதிதான் சரி. சுவர்க்கடிகாரத்தின் ஊசல் நாள்கணக்கில் அடங்குவதில்லை. ஆனாலும் அது திணிப்பு அதிர்வு இல்லை. இசைக்கவையைத் தட்டி அதன் காம்பை மேசையில் ஊன்றினால் மேசைப்பலகையின் ஒலி சில விநாடிகளில் ஓய்ந்துவிடும். ஆனாலும் அது திணிப்பு அதிர்வுதான்.

அடங்குகிறதா என்று பார்ப்பதைவிட, அதிர்வெண்ணை, அதாவது விநாடிக்கு எத்தனை முறை ஆடுவது என்பதை, யார் முடிவு செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஆடும் பொருளே தன் நீளம், நிறை, விறைப்பு ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்தால் கட்டற்ற அதிர்வு. வெளியிலிருந்து ஆட்டிவைக்கும் விசை முடிவு செய்தால் திணிப்பு அதிர்வு. கீழே உள்ள சோதனைகள் எல்லாமே இந்த ஒரு கேள்விக்கான பதிலைக் கண்ணாலும் காதாலும் அறிவதற்கானவை.

நட்டும் நூலும்

12 மி.மீ. போல்ட்டுக்கான இரும்பு நட்டு ஒன்று, மெல்லிய தையல் நூல், அளவுகோல், சீரான இடைவெளியில் தட்டொலி தரும் மெட்ரோனோம் செயலி உள்ள போன். இவை போதும். நூல் முறுக்கு அதிகம் இல்லாததாக இருக்கட்டும். முறுக்கு அவிழும்போது நட்டு சுழலத் தொடங்கும், ஆட்டம் நேர்க்கோட்டில் நிற்காது.

நூலைக் கட்டிலின் சட்டத்திலோ கதவின் கைப்பிடியிலோ அசையாமல் கட்டுங்கள். கட்டிய புள்ளியிலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை 24.8 செ.மீ. இருக்க வேண்டும். நட்டின் மேல்விளிம்பு வரை அளந்துவிட்டு நிறுத்துவது வழக்கமான தவறு. ஒரு சென்டிமீட்டர் விட்டுப்போனால் காலத்தில் 2 சதவீதம் போய்விடும்.

அலைவு நேரத்துக்கான கணக்கு: 6.28 × √(நீளம் ÷ 9.8), நீளம் மீட்டரில். 0.248 மீட்டருக்கு விடை மிகச் சரியாக 1 விநாடி. அதற்காகத்தான் அந்த 24.8. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்தால் அதுவும் ஊசலும் ஒன்றாக ஓடும். அடுத்த சோதனைக்கு இது தேவை.

நட்டை 4 செ.மீ. விலக்கி விடுங்கள். தள்ள வேண்டாம், விட்டால் போதும். 20 முழு அலைவுகளுக்கான நேரத்தைக் குறியுங்கள். ஒரு முழு அலைவு என்றால் போய்த் திரும்பி அதே பக்கம் வருவது. எண்ணத் தொடங்கும்போது ‘பூஜ்யம்’ என்று சொல்லித் தொடங்குங்கள். ‘ஒன்று’ என்று தொடங்கினால் 19 அலைவுகளைத்தான் எண்ணியிருப்பீர்கள், விடை 5 சதவீதம் குறையும். ஒரு முனையில் நின்று எண்ணுவதைவிட நடுப்புள்ளியைக் கடக்கும் கணத்தில் எண்ணுவது துல்லியம். முனையில் ஊசல் நின்று திரும்புவதால் எது சரியான கணம் என்று கண் தடுமாறும்.

இப்போது 2 செ.மீ. மட்டும் விலக்கி விட்டு மறுபடி அளவிடுங்கள். நேரம் மாறாது. இரண்டு நட்டுகளைச் சேர்த்துக் கட்டுங்கள், நீளத்தை மறுபடி சரிசெய்யுங்கள். நேரம் மாறாது. நூலைப் பாதியாக்குங்கள். நேரம் 0.71 விநாடிக்கு இறங்கும். எப்படி ஆட்டிவிட்டீர்கள், எவ்வளவு ஆட்டிவிட்டீர்கள் என்பதை ஊசல் மறந்துவிடுகிறது. அதன் நீளம் மட்டுமே பேசுகிறது. இதுதான் கட்டற்ற அதிர்வு. அந்த வேகத்துக்கு இயல்பு அதிர்வெண் என்று பெயர்.

ஒரு எச்சரிக்கை. மிகப் பெரிய கோணத்தில் விட்டால் நேரம் கொஞ்சம் மாறும். 10 பாகையில் வேறுபாடு 0.2 சதவீதம்தான், ஸ்டாப்வாட்ச்சில் தெரியாது. 30 பாகையில் 1.7 சதவீதம். 20 அலைவுகளுக்கு 20.3 விநாடி வந்தால் உங்கள் அளவில் பிழை என்று முடிவு கட்டும் முன் கோணத்தைப் பாருங்கள்.

கையால் ஆட்டும்போது

நூலின் மேல்முனையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். விரலில் இருந்து நட்டின் நடு வரை அதே 24.8 செ.மீ. இனிக் கையைப் பக்கவாட்டில் அசைத்து நட்டை ஆட்டப் போகிறோம். மெட்ரோனோமின் தட்டுதான் தலைவர்.

மெதுவாக: மெட்ரோனோம் 60-இல் இருக்கட்டும். நான்கு தட்டுக்கு ஒரு முழு அசைவு, நடுவிலிருந்து இரு பக்கமும் 3 செ.மீ. நட்டு கையோடு ஒட்டிக்கொண்டு போகும். கை இடம் போனால் அது இடம், கை வலம் போனால் அது வலம். அதன் வீச்சு கையின் வீச்சைவிட ஒரு துளிதான் அதிகம்: 3.2 செ.மீ.

வேகமாக: மெட்ரோனோமை 180-க்கு ஏற்றி, தட்டுக்கு ஒரு முழு அசைவு. அதே 3 செ.மீ. நட்டு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். கூர்ந்து பார்த்தால் 4 மி.மீ. அளவுக்கு அசைவது தெரியும், அதுவும் கைக்கு எதிர்த்திசையில். கை வலம் போகும்போது நட்டு இடம் போகிறது. பலர் இதைக் காணாமல் விடுவது நட்டைப் பார்க்காமல் நூலைப் பார்ப்பதால். பின்னால் கட்டம் போட்ட தாளை ஒட்டிக்கொண்டால் எளிது.

இந்த இரண்டிலும் நட்டின் அதிர்வெண் என்ன? முதலாவதில் 4 விநாடிக்கு ஒன்று, இரண்டாவதில் விநாடிக்கு மூன்று. அதன் சொந்த அதிர்வெண்ணான விநாடிக்கு ஒன்று எங்கேயும் வரவில்லை. நூலின் நீளம் மாறவே இல்லை. ஆனால் அதன் பேச்சு எடுபடவில்லை. நீளம் இப்போது தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: எவ்வளவு ஆடுவது, எந்தப் பக்கம் ஆடுவது. எந்த வேகத்தில் என்பது கையின் உரிமை.

ஒத்ததிர்வு: மெட்ரோனோம் 60, தட்டுக்கு ஒரு முழு அசைவு. கையை இரு பக்கமும் 5 மி.மீ. மட்டும் நகர்த்துங்கள். ஒவ்வொரு அலைவிலும் நட்டின் வீச்சு ஏறத்தாழ 1.6 செ.மீ. கூடிக்கொண்டே போகும். ஐந்தாவது அலைவில் 8 செ.மீ. கை முனையில் இருக்கும்போது நட்டு நடுவைக் கடந்துகொண்டிருக்கும். அதாவது கால் அலைவு பின்தங்கி வரும். மெதுவாக ஆட்டியபோது ஒட்டி வந்ததற்கும் வேகமாக ஆட்டியபோது எதிர்த்துப் போனதற்கும் சரியாக நடுவில் இந்த நிலை இருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதற்குப் பரிவு என்று பெயர். தமிழ்நாட்டில் ஒத்ததிர்வு.

இந்தச் சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். செய்பவர் நட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். கை தானாகவே நட்டின் தாளத்துக்கு இசைந்துவிடும். அப்போது மெட்ரோனோமை 55-க்கு இறக்கினாலும் நட்டு 60-இலேயே ஆடும், ஏனென்றால் கை நட்டைப் பின்பற்றுகிறது. அதிர்வெண்ணை முடிவு செய்வது மறுபடி ஊசல் ஆகிவிட்டது. வெளியிலிருந்து ஆற்றல் வந்துகொண்டே இருந்தும் இது திணிப்பு அதிர்வு அல்ல, நிலைநிறுத்தப்பட்ட அதிர்வு. ஊசல் கடிகாரம் ஓடுவதும் இப்படித்தான்: எடையோ சுருள்வில்லோ தரும் சிறு தள்ளல் எப்போது கிடைக்க வேண்டும் என்பதை ஊசலே சொல்கிறது. ஆகவே கையை ஆட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு தட்டை மட்டும் கேளுங்கள். நட்டைப் பார்க்க இன்னொருவர் இருக்கட்டும்.

இரண்டும் கலந்து நிற்கும் நேரம்

மெட்ரோனோமை 66-க்கு வைத்து ஆட்டத் தொடங்குங்கள். நட்டின் வீச்சு கூடும், குறையும், மறுபடி கூடும். 10 விநாடிக்கு ஒருமுறை இந்த ஏற்ற இறக்கம் வரும். ‘சோதனை சரியாக வரவில்லை’ என்று இந்த இடத்தில் விட்டுவிடுபவர்கள் அதிகம். உண்மையில் இதுதான் இந்தப் பாடத்தின் மிகச் சுவையான பகுதி.

ஆட்டத் தொடங்கிய அந்தக் கணத்தில் நட்டுக்குக் கட்டற்ற அதிர்வும் ஒன்று கிளம்பிவிடுகிறது. அது விநாடிக்கு 1 முறை. கை திணிப்பது விநாடிக்கு 1.1 முறை. இரண்டும் ஒரே நட்டின்மேல் ஏறி நிற்கின்றன. வேறுபாடு 0.1, அதனால்தான் 10 விநாடிக்கு ஒரு விம்மல். கட்டற்ற பகுதி உராய்வில் கரைந்துபோன பிறகுதான் சீரான திணிப்பு அதிர்வு தெரியும். எந்தத் திணிப்பு அதிர்வுச் சோதனையிலும் தொடங்கியவுடன் அளவெடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

எவ்வளவு நேரம் பொறுப்பது? அதற்கும் நட்டே விடை சொல்லும். மேல்முனையை அசையாமல் கட்டி, 6 செ.மீ. வீச்சில் விட்டு, வீச்சு 3 செ.மீ. ஆகும்வரை அலைவுகளை எண்ணுங்கள். இந்த எண்ணிக்கையைப் பாதியாகும் எண் என்று வைத்துக்கொள்வோம். திணிக்கும்போதும் பழைய கட்டற்ற பகுதி இத்தனை அலைவுக்கு ஒருமுறை பாதியாகும். ஐந்து மடங்கு பொறுத்தால் மூன்று சதவீதம்தான் மிஞ்சும்.

பாதியாகும் எண்ணை 4.5-ஆல் பெருக்கினால் தரக்காரணி கிடைக்கும். ஒத்ததிர்வில் கையின் அசைவைவிட எத்தனை மடங்கு பெரிதாக ஆடும் என்பதை அது சொல்கிறது. பாதியாகும் எண் 40 என்றால் தரக்காரணி 180. கையை ஒரு மி.மீ. அசைத்தால் கடைசியில் 18 செ.மீ. வரை போக வேண்டும். ஆனால் அந்த உச்சத்தைத் தொட 200 அலைவு பொறுக்க வேண்டும், மெட்ரோனோமும் இயல்பு அதிர்வெண்ணில் இருந்து அரை சதவீதம்கூட விலகக் கூடாது. இதனால்தான் வகுப்பில் நட்டை வைத்து ஒத்ததிர்வு வரைபடம் எடுப்பது வீண் வேலை. நட்டுக்குப் பதில் கூம்பாகச் சுருட்டிய காகிதத்தைக் கட்டினால் பாதியாகும் எண் 2 அளவுக்கு இறங்கும், தரக்காரணி 9. பத்து அலைவில் சீராகிவிடும், வரைபடமும் அகலமாக வரும். துல்லியம் வேண்டுமானால் நட்டு, பொறுமை இல்லாவிட்டால் காகிதம்.

ஒரே கம்பியில் 333-உம் 256-உம்

ஒலியின் வேகத்துக்கு வந்தால் கண்ணால் எண்ண முடியாது. போனில் ஒலி அலைமாலை, அதாவது ஒலியில் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்பதை, காட்டும் செயலி வேண்டும். ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ‘ஃபைபாக்ஸ்’ போதும். அதில் மாதிரிகளின் எண்ணிக்கையை 32768 என்று வையுங்கள். நொடிக்கு 48000 மாதிரி எடுக்கும் போனில் இது 1.5 ஹெர்ட்ஸ் வரை பிரித்துக் காட்டும். 2048-இல் விட்டுவிட்டால் 23 ஹெர்ட்ஸ் இடைவெளியில்தான் காட்டும், பக்கத்துச் சுரங்கள் ஒன்றாகிவிடும்.

முதலில் மேசை. விரல்முட்டியால் மேசையைத் தட்டி எந்த இடத்தில் முகடு வருகிறது என்று பாருங்கள். ஒன்றல்ல, பல முகடுகள் வரும். அவை மேசையின் கட்டற்ற அதிர்வுகள். இப்போது 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை ரப்பர் கட்டையில் தட்டி, காம்பை அதே மேசையில் ஊன்றுங்கள். 512-இல் ஒற்றை முகடு. மரக்கதவில் ஊன்றினாலும் 512. எவர்சில்வர் தட்டில் ஊன்றினாலும் 512. சத்தத்தின் அளவுதான் மாறும். கவையை மேசை விளிம்பில் நேரடியாக அடிக்காதீர்கள். அடிப்படை அதிர்வெண்ணைப் போல ஆறேகால் மடங்கில், 3200 ஹெர்ட்ஸ் பக்கத்தில், ஒரு கூச்சல் சுரம் கிளம்பும். கவையும் கெடும்.

ஊன்றியதும் ஒலி பலக்கிறது, ஆனால் சீக்கிரம் ஓய்கிறது. மேசை புதிதாக ஆற்றல் எதையும் உண்டாக்கவில்லை. கவையின் மெல்லிய கரங்கள் காற்றைத் தள்ளுவதைவிட அகலமான பலகை நன்றாகத் தள்ளுகிறது, கவையின் இருப்பு வேகமாகச் செலவாகிறது. அவ்வளவுதான்.

அடுத்தது சுரமானி: மரப்பெட்டியின் மேல் ஒரு கம்பியைக் கப்பி வழியே தொங்கும் எடையால் இழுத்துக் கட்டிய கருவி. 0.4 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் கம்பி, தொங்கும் எடை 4 கிலோ. இந்தக் கம்பி மீட்டருக்கு 0.98 கிராம். அலை அதில் நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் ஓடும். அடிப்படை அதிர்வெண் என்பது அந்த 200-ஐ நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் வருவது. இரண்டு தாங்கு கட்டைகளுக்கும் இடையே 30 செ.மீ. வைத்துக் கம்பியை நடுவில் மீட்டுங்கள்: 333 ஹெர்ட்ஸ். இது கம்பியின் சொந்தக் குரல்.

கட்டைகளை அப்படியே விட்டு, 256 ஹெர்ட்ஸ் கவையைத் தட்டிச் சுரமானிப் பலகையில் ஊன்றுங்கள். போன் 256 காட்டும், 333 காட்டாது. இங்கே ஒரு நுணுக்கம்: போனின் காதுக்கு எட்டுவது கம்பியின் ஒலி அல்ல, பெட்டியின் ஒலி. கம்பி எப்படி ஆடுகிறது என்று அறிய, சிறு காகிதத் துண்டை இரண்டாக மடித்துக் கம்பியின் நடுவில் ஏற்றி வைக்க வேண்டும். 30 செ.மீ. நீளத்தில் அந்தக் காகிதம் லேசாக நடுங்கினால் உண்டு. கட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நீளத்தைக் கூட்டுங்கள், ஒவ்வொரு முறையும் கவையைத் தட்டி ஊன்றுங்கள். 39 செ.மீ. தாண்டும் இடத்தில், கணக்குப்படி 39.1-இல், காகிதம் துள்ளி விழும். கம்பியின் சொந்த அதிர்வெண்ணும் கவையின் அதிர்வெண்ணும் சேர்ந்த இடம் அது.

காகிதம் விழாவிட்டால் பார்க்க வேண்டியவை: நீளமான பக்கத்திலிருந்து தொடங்கினீர்களா? 78 செ.மீ. அருகே கம்பி இரண்டு துண்டாக ஆடும், நடுவில் கணு இருக்கும், காகிதம் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஆகவே குறுகிய நீளத்திலிருந்து தொடங்குவதே நல்லது. கப்பி துருப்பிடித்து இறுகியிருந்தால் 4 கிலோ முழுவதும் கம்பிக்கு வந்து சேராது. எண்ணெய் விட்டு, எடையை மெல்லத் தூக்கி விடுங்கள். நீளம் கணக்கோடு ஓரிரு சென்டிமீட்டர் முரண்பட்டால் கம்பியின் விட்டத்தைச் சந்தேகப்படுங்கள். 0.4-க்குப் பதில் 0.41 இருந்தாலே அதிர்வெண் 2.5 சதவீதம் இறங்கும். விட்டத்தை அளப்பதைவிட 5 மீட்டர் கம்பியை எடை போடுவது நம்பகமானது. 4.9 கிராம் வர வேண்டும். மீட்டும்போது கண்ணாடி அணியுங்கள். அறுந்த எஃகுக் கம்பி கண்ணைத் தேடி வரும்.

இதே சுரமானியில் மின்சாரத்தின் அதிர்வெண்ணையும் பார்க்கலாம். எடையை அரைக் கிலோவாகக் குறைத்து, 6 வோல்ட் மின்மாற்றியில் இணைத்த மின்காந்தத்தைக் கம்பியின் நடுவுக்கு மேலே, தொடாமல் நிறுத்துங்கள். வீட்டு மின்இணைப்பை நேரடியாகத் தரவே கூடாது. 35.4 செ.மீ. நீளத்தில் கம்பி அகலமாக ஆடும். கணக்குப் போட்டால் 100 ஹெர்ட்ஸ் வரும். ஆனால் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றில் மின்னோட்டம் இருமுறை உச்சம் தொடுகிறது, மின்காந்தம் வட துருவமானாலும் தென் துருவமானாலும் இரும்பை இழுக்கத்தான் செய்யும். ஆகவே சுற்றுக்கு இரண்டு இழுப்பு. ஆய்வகக் குறிப்பேட்டில் விடையைப் பாதியாக்க மறந்துவிட்டு 100 என்று எழுதுவது அடிக்கடி நடப்பது. தெருவோர மின்மாற்றி ‘ம்ம்ம்’ என்று முனகுவதன் அடிப்படை அதிர்வெண்ணும் இதே 100 தான்.

வீணையில் இந்த இரண்டு வகையும் ஒரே ஒலிக்குள் இருக்கின்றன. மீட்டிவிட்ட தந்தி கட்டற்று அதிர்கிறது, சுதியை அதன் நீளமும் இழுவிசையும் முடிவு செய்கின்றன. பலா மரக் குடமும் மேல்பலகையும் தந்தியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, திணிப்பு அதிர்வில் இருக்கின்றன. நாம் கேட்பதில் பெரும்பகுதி பலகையின் ஒலி. பலகைக்குத் தன் அதிர்வெண்களில் பிடிவாதம் அதிகமாக இருந்தால் சில சுரங்கள் மட்டும் தூக்கிக் கேட்கும். நல்ல வாத்தியத்தில் அந்த முகடுகள் பரவலாக, தாழ்வாக அமைந்திருக்கும்.

பார்ட்டன் ஊசல்கள்

ஒரே பார்வையில் எல்லாவற்றையும் காட்ட வேண்டுமானால் இதைக் கட்டுங்கள். நாட்டிங்ஹாமில் பணியாற்றிய இயற்பியலாளர் எட்வின் பார்ட்டனின் பெயரால் வழங்குவது. இரண்டு நாற்காலிகளை 80 செ.மீ. இடைவெளியில் நிறுத்தி, ஒரு கயிற்றைச் சற்றுத் தொய்வாகக் கட்டுங்கள். ஒரு ஓரத்தில் 200 கிராம் எடையை 25 செ.மீ. நூலில் தொங்கவிடுங்கள். மற்ற இடங்களில் காகிதக் கூம்புகள்: 15, 20, 25, 30, 35 செ.மீ. எடையைக் கயிற்றுக்குக் குறுக்காக இழுத்து விடுங்கள். கயிற்றின் நீளவாக்கில் இழுத்தால் வேலை செய்யாது.

அரை நிமிடத்தில் எல்லாக் கூம்புகளும் எடையின் வேகத்திலேயே ஆடும். 25 செ.மீ. கூம்பு மட்டும் பெரிதாக ஆடும். குட்டையானவை எடையோடு சேர்ந்து போகும், நெட்டையானவை எதிர்த்துப் போகும், 25 கால் அலைவு பின்தங்கி வரும். பக்கவாட்டில், கயிற்றின் முனையிலிருந்து பார்த்தால் இந்த ஒழுங்கு நன்றாகத் தெரியும். மேலிருந்து படம் எடுத்தால் இன்னும் நல்லது.

கூம்புக்குப் பதில் நட்டுகளைக் கட்டாதீர்கள். இன்னொரு 200 கிராம் எடையை 25 செ.மீ.யில் கட்டினால் என்ன நடக்கும் என்று பார்த்தாலே காரணம் புரியும்: முதல் எடை மெல்ல நின்றுவிடும், இரண்டாவது முழு வீச்சில் ஆடும், பிறகு இரண்டாவது நின்று முதலாவது ஆடும். ஆட்டுவது யார், ஆடுவது யார் என்ற வேறுபாடே போய்விடும். ஆட்டிவைப்பது கனமாக, ஆடுவது இலேசாக இருந்தால்தான் திணிப்பு என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. அதே போல 25-க்குக் கட்டிய கூம்பு எதிர்பார்த்த அளவு ஆடாவிட்டால் நூலை அரை சென்டிமீட்டர் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். கயிறு எடை தொங்கும் இடத்தில் அதிகம் தொய்வதால் அளவுகோல் காட்டும் நீளமும் உண்மையில் ஆடும் நீளமும் சற்று வேறு.

20-உம் 30-உம்கூட ஓரளவு பெரிதாக ஆடுகின்றனவே என்றால், கூம்பின் தரக்காரணி குறைவு என்று பொருள். கூம்பின் மேல் ஒரு சிறு உலோக வளையத்தைக் கவிழ்த்து வையுங்கள். நிறை கூடும், காற்றின் தடை அப்படியே இருக்கும், 25-க்கும் மற்றவற்றுக்கும் உள்ள இடைவெளி பெரிதாகும்.

பழைய ஜெனரேட்டர் அறைகளில் உள்ள நாக்கு அதிர்வெண்மானி இதன் பெட்டிக்குள் அடங்கிய வடிவம்தான். எஃகு நாக்குகள் வரிசையாக, 47 முதல் 53 வரை, அரை ஹெர்ட்ஸ் இடைவெளியில் இசைத்து வைக்கப்பட்டிருக்கும். மின்சாரம் எல்லா நாக்குகளையும் ஆட்டும். எது அகலமாக ஆடுகிறதோ அதன் கீழ் உள்ள எண்தான் விடை.

பெயர் மாறி வழங்குபவை

வில் போட்டு வாசிக்கும் வயலினைத் திணிப்பு அதிர்வுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. வில் சீரான வேகத்தில்தான் போகிறது. அதற்கென்று அதிர்வெண் கிடையாது. தந்தி எந்தக் கணத்தில் ஒட்ட வேண்டும், எந்தக் கணத்தில் வழுக்க வேண்டும் என்பதைத் தந்தியே தீர்மானிக்கிறது. எனவே இது கடிகார ஊசலின் இனம்.

டகோமா பாலமும் அப்படித்தான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1940 ஜூலை 1 அன்று திறந்து, அதே ஆண்டு நவம்பர் 7 அன்று முறுக்கி ஆடி விழுந்த அந்தத் தொங்கு பாலத்தை ‘காற்றின் அதிர்வெண்ணும் பாலத்தின் அதிர்வெண்ணும் ஒன்றானதால்’ விழுந்தது என்று இன்றும் எழுதுகிறார்கள். அன்று அடித்தது சீரான காற்று. பாலத்தின் முறுக்கு அசைவே காற்றிலிருந்து ஆற்றலை உறிஞ்சும் விதத்தில் ஓட்டத்தை மாற்றிக்கொண்டது. வேகத்தை முடிவு செய்தது பாலம்தான், காற்று அல்ல.

பட்டறையில் எப்படிக் கண்டுபிடிப்பது

ஓடும் இயந்திரம் ஒன்று நடுங்குகிறது. முதலில் வேகத்தை மாற்றிப் பாருங்கள். நடுக்கத்தின் அதிர்வெண் வேகத்தோடு சேர்ந்து மாறினால் திணிப்பு. வேகம் மாறியும் அதிர்வெண் மாறாமல், விட்டுவிட்டு வந்து அடங்கினால், எதுவோ இடித்து எழுப்பும் கட்டற்ற அதிர்வு. நின்றுகொண்டிருக்கும் பேருந்தின் சன்னல் கடகடப்பதும், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அடங்குவதும் திணிப்பு வகை. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடினால் நொடிக்கு 30 முறை வெடிக்கும். அந்த 30 எந்தச் சட்டத்துக்குப் பிடிக்கிறதோ அது ஆடும்.

வேகத்தை மாற்ற முடியாத மோட்டாரென்றால் ஓடவிட்டு மின்சாரத்தை நிறுத்துங்கள், அது சுழன்று ஓயும்வரை கையை வைத்துப் பாருங்கள் (சுழலும் பகுதிக்கு எட்டாத இடத்தில்). சுவிட்சை அணைத்த நொடியே நடுக்கம் போய்விட்டால் அது காந்த விசையால் வந்தது. வேகத்தோடு மெல்லக் குறைந்தால் சமநிலை இல்லாத சுழலி. ஓய்ந்துகொண்டு வரும்போது ஏதோ ஒரு வேகத்தில் திடீரென்று குலுங்கிவிட்டு அடங்கினால் அந்த வேகம் மோட்டார் நிற்கும் தாங்கியின் இயல்பு அதிர்வெண். துணி துவைக்கும் இயந்திரம் பிழியத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஒரு குலுக்குக் குலுக்குவது இதே காரணத்தால். முழு வேகத்தில் அது அமைதியாக ஓடும்.

கட்டற்ற அதிர்வென்றால் மருந்து தடைதான்: ரப்பர் பட்டை, பிசின் தகடு, இடிக்கும் இடத்தில் மெத்தென்ற தாங்கல். திணிப்பு அதிர்வில் ஒத்ததிர்வுக்கு வெகு தூரத்தில் தடையைக் கூட்டிப் பெரும் பயன் இல்லை. அதிர்வெண்களைப் பிரித்து வைக்க வேண்டும்.

1440 சுற்று மோட்டார் என்றால் திணிப்பது 24 ஹெர்ட்ஸ். அதற்கு அடியில் ரப்பர் வைக்கும்போது, மோட்டாரின் எடையில் ரப்பர் எத்தனை மி.மீ. அமுங்குகிறது என்று அளக்கவும். 15.8-ஐ அந்த மி.மீ.யின் வர்க்கமூலத்தால் வகுத்தால் தாங்கியின் இயல்பு அதிர்வெண் வரும். அரை மி.மீ. அமுங்கும் கெட்டி ரப்பருக்கு 22 ஹெர்ட்ஸ்: ஒத்ததிர்வுக்குப் பக்கத்தில், ரப்பர் இல்லாமல் இருந்ததைவிட மோசம். 1 மி.மீ.க்கு 16 ஹெர்ட்ஸ்: தரைக்குப் போகும் விசை முக்கால் பங்கு. 3 மி.மீ.க்கு 9 ஹெர்ட்ஸ்: ஆறில் ஒரு பங்கு. ‘ரப்பர் வைத்தும் குறையவில்லை’ என்ற புகாரில் பெரும்பாலும் ரப்பர் கெட்டியாக இருக்கும், அல்லது போல்ட்டை அதன் வழியாகத் தரைவரை இறுக்கியிருப்பார்கள். இறுக்கிய போல்ட் ரப்பரைத் தாண்டித் தரைக்குப் பாலம் போட்டுவிடும். போல்ட்டின் தலைக்கு அடியிலும் ஒரு ரப்பர் வாஷர், துளையைச் சுற்றி ஒரு ரப்பர் குழாய், நட்டை ரப்பர் பிதுங்காத அளவுக்கு மட்டும் இறுக்கி அதன்மேல் ஒரு பூட்டு நட்டு.